எந்த டிஸ்க் முதலில் விழித்தாலும்

டத்தோ கிராமாட் ரோட்டில் முனுசாமியின் காவடிப் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "பிளாஸ்டிக் கருகுற வாடை எங்க வருதோ அங்க நில்லுங்க" என்பார்கள். தைப்பூசம் நெருங்க நெருங்க அந்த வாடை ரோட்டைத் தாண்டி எதிர்வரிசைக்கும் போய்விடும். கடைவீட்டின் முன்பாதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனர் வருஷம் முழுக்க அதற்காக முணுமுணுப்பார். தை பிறந்துவிட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். தேர் வருகிற அன்று கூடை கூடையாகத் தேங்காய் உடைக்கிற ஆள் அவர்.

பட்டறை இருப்பது பின்கட்டில். தகரக் கூரை. மழை ஓய்ந்து வெயில் ஏறும் மாதம் என்பதால் காலையிலேயே உள்ளே இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல் வேகும். ஒரு ஓரத்தில் முனுசாமி அலுமினியக் குழாயை வளைத்துப் பற்றவைப்பார். நடுவில் லேசர் இயந்திரம் மயிலும் வேலும் தாமரையுமாக வெட்டித் தள்ளும். மறு ஓரத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் அவர் மனைவி குணவதி. விசிறிக் காற்றுக்காகத்தான் அவள் அந்த இடத்தைப் பிடித்தாள் என்று முனுசாமி சொல்வார். உண்மையும் அதுதான்.

குணவதி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருஷம் தரச் சோதனை பார்த்தவள். அந்த லைனையே கம்பெனி வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "வீட்டுல உக்காந்து சீரியல் பாக்க என்னால முடியாது" என்று பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். காவடி வடிவங்களைக் கம்ப்யூட்டரில் வரைவதும், லேசருக்கு அனுப்புவதும், இன்னாருக்கு இன்ன இடுப்பு, இன்ன தோள் என்று அளவுகளைப் பத்திரமாக வைப்பதும் அவள் வேலை. கையில் தீக்காயம் இல்லாத ஒரே ஆள் அந்தப் பட்டறையில் அவள்தான்.

கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது முனுசாமியின் தம்பி தனேஷ். சிம்பாங் அம்பாட்டில் வீடு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு டிஸ்குகள் வெளியே தனியாக இருக்கும். ஒன்று வேலை டிஸ்க். வரைந்தது, அளந்தது எல்லாம் அதில். இன்னொன்று காவல் டிஸ்க். தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் தட்டினால், நேற்று மாறியதை மட்டும் பார்த்து எடுத்துக் காவல் டிஸ்கில் நகல் வைத்துவிடும். பால் ஊற்றாத தேநீரான தே ஓ ஆறுவதற்குள் வேலை முடிந்து, விளக்கு சிமிட்டுவது நின்றுவிடும்.

அப்படித்தான் இருந்தது, ஆயுத பூஜை வரைக்கும். அதற்குப் பிறகு அந்த நகல் வேலைக்கு என்னமோ பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சமர்த்தாக உடனே முடியும். மறுநாள் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் மாட்டுவண்டி வேகத்தில் நகரும், லேசர் பாதி மயிலில் நின்று யோசிக்கும். குணவதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஒரு நாள் காலையில் திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. காவல் டிஸ்க் நிறைந்துவிட்டது, இனி நகல் வைக்க இடமில்லை.

"என்னா, மறுபடியும் மக்கர் பண்ணுதா?" முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு முனுசாமி வந்து நின்றார். வியர்வை புருவத்தில் சொட்டியது.

"காவல் டிஸ்க் ஃபுல்லாயிருச்சுங்க."

"ஃபுல்லானா அழி. ஃபார்மெட் பண்ணிட்டு முதல்லேருந்து போடு. இதுல என்னா சுசா, என்னா கஷ்டம்?"

"நாலஞ்சு வருஷத்துக்குத் தாங்கும்னு தனேஷ் சொன்ன டிஸ்க்குங்க இது. ஏன் ஃபுல்லாச்சுன்னு தெரியாம எப்படி அழிக்கிறது?"

"குணா, காரணம் தேடுற நேரமா இது? வெட்ட வேண்டிய மயிலு எத்தனை கெடக்கு பாரு. நீ எந்திரி, நான் அழிக்கிறேன்."

அவர் கை மவுசுக்கு நீண்டது. குணவதி மவுசின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தொடாதீங்க. ஆச்சி மகன் தோள் இதுலதான் இருக்கு."

முனுசாமியின் கை நின்றது. ஆச்சி என்றால் பட்டர்வொர்த் மீனாள் ஆச்சி. மகன் கார்த்திகேயன் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போய், பிழைத்ததே பெரிது என்று வீடு திரும்பியவன். காறை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இடது தோள் வலதைவிட இறங்கிப்போய்விட்டது. மூன்று வருஷம் மகன் காவடி எடுப்பான் என்று ஆச்சி ஆஸ்பத்திரி வாசலிலேயே வேண்டிக்கொண்டுவிட்டார். இது மூன்றாவது வருஷம். சாதாரணச் சட்டத்தைத் தூக்கி அவன் தோளில் வைத்தால் பாரம் முழுதும் தகட்டின் மேல் போய் உட்காரும். முதல் வருஷம் அப்படித்தான் ஆகி, பாதி வழியில் முகம் வெளுத்து, கூட வந்தவர்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு குணவதி விடவில்லை. அவன் லீவில் வந்தபோதெல்லாம் பட்டறையில் நிற்க வைத்து, அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, சரியில்லை என்று மாற்றி, மறுபடி வெட்டி, கடைசியில் அந்தத் தோளுக்கென்றே ஒரு தோள்தகடு வடிவத்தைக் கண்டுபிடித்தாள். பழைய தகடு போன தைப்பூசத்தோடு நெளிந்துவிட்டது. புதியதை இனித்தான் வெட்ட வேண்டும். கார்த்திகேயனோ சரவாக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை பார்க்கிறவன். தைப்பூசத்துக்கு முதல் நாள்தான் வந்து இறங்குவான். மறுபடி அளக்க வழியே கிடையாது.

"அதுதான் வேலை டிஸ்க்ல இருக்குல்ல?" என்றார் முனுசாமி, குரல் கொஞ்சம் இறங்கி.

"இருக்கு. அது ஒண்ணு ரோசாக் ஆகிக் கெட்டுப்போச்சுன்னா? காவலே இல்லாம ஒரு ராத்திரிகூட வைக்கமாட்டேன் நான்."

"உன் ஃபேக்டரி புத்தி போகவே போகாது" என்று சொல்லிவிட்டு அவர் குழாய் வளைக்கப் போய்விட்டார். கோபத்தில் வளைத்த குழாய் கோணிப்போய், அதற்கும் சேர்த்து முணுமுணுத்தார்.

குணவதி பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்த தே ஓவை ஆணியில் மாட்டிவிட்டு, நகல் எடுக்கும் நிரலை அது என்ன செய்கிறது என்று திரையில் சொல்லிக்கொண்டே செய்யும்படி ஓடவிட்டாள். டார் என்று அதற்குப் பேர். ஒவ்வொரு ஃபோல்டராக வாசித்துக்கொண்டு போனது. எதிரே 'புதிது' என்று வந்தது. அடுத்தது, புதிது. அதற்கடுத்தது, புதிது. இரண்டு பிரதமர் மாறுவதற்கு முன்னால் வரைந்து, அதன்பின் யாரும் தொடாத தாமரைகூடப் புதிது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தப் பழம் பெருச்சாளிகளையெல்லாம் புதுசு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முழுசாக நகல் எடுத்து அடுக்கினால் டிஸ்க் நிறையாமல் என்ன செய்யும்?

சரி, ஏன் புதிது என்று நினைக்கிறது?

அப்போதுதான் தொழிற்சாலையில் நடந்த ஒரு கூத்து அவள் நினைவுக்கு வந்தது. தட்டு தட்டாகச் சில்லுகள் அலமாரிக்கு வரும். எந்தத் தட்டைச் சோதித்தாகிவிட்டது என்பதை இயந்திரம் தட்டைப் பார்த்து அறியாது, தட்டு இருக்கும் அறையைப் பார்த்துத்தான் அறியும். ஒரு நாள் காமாரியா என்கிற புதுப் பெண், துடைப்பதற்காக எல்லாத் தட்டையும் வெளியே எடுத்து, திரும்ப வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். சோதித்து முடித்த சரக்கையெல்லாம் இயந்திரம் புதுச் சரக்கு என்று மறுபடி முதலிலிருந்து சோதித்தது. பாவம், அந்தப் பெண் அழுத அழுகை!

துடைப்பதற்காக வெளியே எடுத்து.

குணவதி நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். ஆயுத பூஜைக்கு அவள் வீட்டில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் செய்துகொண்டிருந்தாள். பட்டறையைத் துடைத்துப் பூஜைக்கு வைத்தது முழுக்க முனுசாமி. சுத்தியல், குறடு, லேசர், கம்ப்யூட்டர், டிஸ்க், எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் பரப்பி, மறுநாள் திரும்பச் சொருகியிருந்தார். முன்பெல்லாம் வேலை டிஸ்கின் ஒயர் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்திலும் காவல் டிஸ்கின் ஒயர் பின்பக்கத்திலும் தனித்தனியாகப் போகும். இப்போது இரண்டும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு பல்வாய்ப் பெட்டியில் அக்கம்பக்கமாகச் சொருகப்பட்டு, ஒயர்கள் அழகாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. அந்தப் பெட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

அவள் தனேஷைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வேலையா இருக்கியா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கம்ப்யூட்டர் டிஸ்குக்கு நம்பர் குடுக்குதுல்ல, அது டிஸ்க்கப் பாத்துக் குடுக்குதா, இல்ல வந்த வரிசைய வச்சுக் குடுக்குதா?"

"வந்த வரிசைதான் அண்ணி. ஆன் பண்ணதும் எது மொதல்ல முழிக்குதோ அதுக்கு மொத நம்பர். ஏன்?"

"ரெண்டும் ஒரே பெட்டியில சொருகியிருந்தா?"

"அப்ப ரேஸ்தான்லா. ஒரு நாள் இது முந்தும், ஒரு நாள் அது முந்தும். ஆனா நான் பேரை வச்சு மவுண்ட் ஆகற மாதிரிதானே செஞ்சிருக்கேன்? வேலை டிஸ்க் வேலை டிஸ்காத்தான் வரும், மாறாதே."

"வேலை டிஸ்க் வேலை டிஸ்காத்தான் வருது. டாருக்குத்தான் ஆள் அடையாளம் தெரியல. நம்பர் மாறின அன்னைக்கெல்லாம் எல்லா ஃபோல்டரும் புதுசுன்னு சொல்லுது. நம்பர் மாறாத அன்னைக்கு ஒழுங்கா முடியுது. எனக்கு அப்படித்தான் படுது. நாளைக்குக் காலையில ஆன் பண்ணி நம்பரைப் பாக்கட்டுமா?"

தனேஷ், "அய்யோ அண்ணி" என்றான். "டார் ஃபோல்டரோட அடையாளத்துல டிஸ்க் நம்பரையும் சேத்து எழுதி வச்சுக்கும். நான் அதை யோசிக்கவே இல்ல. டெய்லி ராத்திரி அண்ணன் மெயின் சுவிட்ச அமத்திடுவாரு இல்ல?"

"கற்பூரம் காட்டிட்டு அமத்திட்டுத்தான் கதவைப் பூட்டுவாரு."

"அப்ப டெய்லி காலையில ரேஸ். சரியாப் போச்சு!"

மறுநாள் காலை குணவதி நம்பரைப் பார்த்தாள். மாறியிருந்தது, எல்லாம் புதிது என்றது. கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். பழைய நம்பர் வந்தபோது சமர்த்து; நம்பர் மாறியபோது எல்லாம் புதிது. அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். "புடிச்சிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்கடைச் சீனர் எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தனேஷ் பாலம் கடந்து வந்தான். விரத மாதம் என்பதால் சைவ பீஹூன் சேமியா தாப்பாவ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தான். அதைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டபடியே இரண்டு பேரும் டாரின் கையேட்டைத் துழாவினார்கள். தேடியது கிடைத்தபோது இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். டிஸ்க் நம்பரைப் பார்க்காதே என்று டாருக்குச் சொல்ல ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. தங்களைப் போல் இதில் மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் முன்பே இருந்திருக்கிறார்கள் என்பதில் குணவதிக்கு ஒரு ஆறுதல். தனேஷ் சொல்லைச் சேர்த்தான். முழு நகல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியாக ஒழுங்காக முடிந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார்கள். பிறகு புதிதாக ஒரு முழு நகல், அதன்மேல் தினசரி நகல். அணைத்துப் போட்டாலும், ஒயரை மாற்றிச் சொருகினாலும், டார் அசைந்துகொடுக்கவில்லை. மாறியதை மட்டும் எடுத்துக்கொண்டு தே ஓ ஆறுவதற்குள் முடித்தது.

மாலையில் குணவதி முனுசாமியிடம் விஷயத்தைச் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் சொன்னாள்.

"அப்ப நான் பூஜை போட்டதுதான் தப்பா?" என்றார் அவர்.

"பூஜை தப்பு இல்லங்க. இந்தப் பெட்டியில சொருகினதும் பெரிய தப்பில்ல. அந்த டாரு ஆளைத் தெரியாம நம்பரை நம்பினதுதான் தப்பு."

"ஒயரு அழகா இருக்கணும்னு பாத்தேன்" என்றார் முனுசாமி, சின்னப் பையன் மாதிரி. தனேஷ் மிச்ச பீஹூனை வாயில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விழுந்தது அதற்குப் பிறகுதான். தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பெரிய மயில் பலகையைத் திருப்புவதற்காக முனுசாமி லேசர் மேசையை இழுத்தார். மேசைக்கால் ஒயரில் மாட்டியது. வேலை டிஸ்க் மேசையிலிருந்து வழுக்கி சிமெண்டுத் தரையில் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. குணவதி எடுத்துச் சொருகியபோது உள்ளே டிக், டிக் என்று ஒரு ஒலி வந்தது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு வாயில் சொருகிப் பார்த்தாள். டிக், டிக்.

முனுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆச்சிக்கு என்னா பதில் சொல்வேன் குணா? அந்தப் பையன் தோளு..."

"இருங்க. பேசாதீங்க" என்றாள். திருத்தின பிறகு தினமும் நகல் சமர்த்தாக முடிந்தது என்பது தெரியும். ஆனால் சீக்கிரம் முடிந்ததெல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று ஆகிவிடுமா? நம்பரைப் பார்க்காதே என்று சொன்னதில் வேறு எதையாவது பார்க்காமல் விட்டிருந்தால்? நேற்றுத்தான் தோள்தகட்டின் உள்வளைவைக் கொஞ்சம் இழைத்து மாற்றியிருந்தாள். அந்த மாற்றம் இன்று காலை நகலில் வந்திருக்க வேண்டும்.

அலமாரியிலிருந்து வேறொரு வெற்று டிஸ்க்கை எடுத்துச் சொருகினாள். காவல் டிஸ்கிலிருந்து திரும்ப எடுக்கச் சொன்னாள். திரையில் பேர்கள் ஓடின. தாமரைகள், வேல்கள், சிங்கப்பூர்க்காரரின் இடுப்பு, ஈப்போ அக்காவின் பால்குடத் தட்டு. முனுசாமி எழுந்து வந்து பின்னால் நின்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. முருகா, முருகா என்று அவர் வாய்க்குள் சொல்வது கேட்டது.

கார்த்திகேயன் என்ற பேர் வந்தது.

அவள் திறந்தாள். தோள்தகடு திரை முழுக்க விரிந்தது. உள்வளைவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேற்று அவள் இழைத்த அதே வளைவு, அப்படியே.

"இருக்குங்க!" என்றாள். "நேத்து மாத்தினதும் இருக்கு! எல்லாம் இருக்கு!"

முனுசாமி அவள் தலையில் இரண்டு கையையும் வைத்து, நெற்றியை அவள் உச்சியில் முட்டிக்கொண்டு அழுதார். பட்டறையில் யார் பார்க்கிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. அவளும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்திரத்தைப் போடுங்க, வெட்டணும்" என்றாள். அன்று டத்தோ கிராமாட் ரோட்டில் பிளாஸ்டிக் வாடை கோயில் வரைக்கும் போயிருக்கும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் கார்த்திகேயன் விமான நிலையத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தான். கடல் வெயிலில் கறுத்திருந்தான். மீனாள் ஆச்சி ஃபெரி பிடித்து அவனுக்கு முன்னாலேயே வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சட்டத்தை இரண்டு பேர் தூக்கி அவன் தோளில் இறக்கினார்கள். இடது தோளைத் தகடு தேடிப் பிடித்து உட்கார்ந்தது. அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். இன்னொன்று. சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அக்கா, எங்கயுமே அழுத்தலக்கா! போன வருஷத்தைவிட நல்லா இருக்கு!"

"ஆடாதப்பா, நாளைக்கு ஆடலாம்" என்றார் ஆச்சி. அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார்.

மறுநாள் விடியும்போது, காவடிகள் கிளம்பும் லோரோங் கூலிட் பக்கம் நிற்க இடமில்லை. உறுமி மேளம் காதைப் பிளந்தது. கார்த்திகேயனின் காவடி மயில்கள் முதல் வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்னின. முனுசாமி தண்ணீர்ப் பந்தல்காரர், மேளக்காரர், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டிஸ்குங்க. டெய்லி காலையில ரெண்டுக்கும் சண்டை, யாரு மொதல்ல முழிக்கிறதுன்னு. என் பொண்டாட்டி ரெண்டையும் கூப்பிட்டு வச்சுப் பஞ்சாயத்துப் பண்ணிட்டா!"

"அப்படியில்லங்க, டாருக்குத்தான்..." என்று தொடங்கிய குணவதி விட்டுவிட்டாள். கேட்டவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கதை அவளுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

காவடி கிளம்பும் முன் அதன் முன்னால் பட்டறைக்காரர் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அது முனுசாமி உடைக்கிற தேங்காய். வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. கற்பூரம் ஏற்றிச் சுற்றிய தேங்காயை அவர் கையில் தூக்கினார். பிறகு திரும்பி, கூட்டத்தில் பின்னால் நின்றவளைத் தேடினார்.

"குணா! இங்க வா. நீ உடை."

"நானா? நீங்க உடைங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்லா! தோளை நீதானே கொண்டாந்த?"

கார்த்திகேயன் சட்டத்துக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். மேளம் ஒரு கணம் அடங்கி அவளுக்காகக் காத்திருந்தது. குணவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். வேல் வேல் என்று அவள் கத்திய கத்தலில் அவளுக்கே காது அடைத்தது. ஓங்கிப் போட்டாள். தேங்காய் தூள் தூளாகச் சிதறி, நீர் முனுசாமியின் முகத்தில் தெறித்தது. அவர் துடைக்கவே இல்லை. மேளம் வெடித்தது, கார்த்திகேயன் இரண்டு தோளும் நிமிர ஆடிக்கொண்டே தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிக் கிளம்பினான்.